கேளுங்கள், சொல்கிறோம்: பூல் மேசையின் முதல் ஐவர்

கே: பூல் ஆட்டத்தில் இதுவரை வந்தவர்களில் முதல் ஐந்து பேர் யார்? பெயரை மட்டும் போட்டுத் தப்பிக்காமல் காரணமும் எழுதுங்கள்.
(ஹட்டன் வாசகர்)

ப: எஃப்ரன் ரேயஸ், வில்லி மொஸ்கோனி, ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட், ஷேன் வான் போனிங், ரால்ஃப் கிரீன்லீஃப். இதே வரிசையில்.

பட்டங்களை மட்டும் எண்ணினால் மொஸ்கோனிதான் மேலே நிற்பார். 1941-க்கும் 1957-க்கும் இடையில் 15 முறை உலகப் பட்டம் வென்றவர். ஆனால் அத்தனையும் ஸ்ட்ரெயிட் பூலில் வந்தவை. எந்தப் பந்து எந்தப் பொக்கட்டில் என்று சொல்லிவிட்டு அடிக்க வேண்டிய ஆட்டம் அது. 14 பந்துகள் விழுந்ததும், மிஞ்சிய ஒன்றை மேசையிலேயே விட்டுவிட்டு 14-ஐயும் மறுபடி அடுக்குவார்கள். ஆடுபவர் தவறவிடும்வரை எதிராளிக்குக் கதிரையில் குந்தியிருப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. 9 பந்து ஆட்டம் அப்படியல்ல. மேசையில் இருப்பதில் மிகச் சிறிய எண்ணைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். அதை எதிராளி மறைத்து வைத்துவிட்டால், மேசை ஓரத்து ரப்பர் குஷனில் மோதித்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

பிலிப்பைன்ஸ்காரர் ரேயஸை முதலிடத்துக்குக் கொண்டுவருவது இந்தத் தேடிப் பிடிக்கும் கலைதான். 1995-இல் ரெனோ நகரில் ஸ்ட்ரிக்லண்டுக்கு எதிரான ஆட்டம் கடைசி ரேக் (பந்துகளை ஒருமுறை அடுக்கி ஆடும் சுற்று) வரை இழுபட்டது. 5-ஆம் பந்து மறைந்து கிடந்தது. தொட்டாலே போதும் என்றிருந்த நிலையில், ரேயஸ் வெள்ளையை இரண்டு குஷனில் திருப்பி அதைப் பொக்கட்டிலேயே போட்டார். அடுத்த ஆண்டு ஹொங்கொங்கில், முதலில் 120 ரேக்குகளை வெல்பவருக்கே வெற்றி என்ற பந்தய ஆட்டம் மூன்று நாள் நடந்தது. ஸ்ட்ரிக்லண்டை 120–117 என்று வென்றார். 1999-இல் 9 பந்து, 2004-இல் 8 பந்து என்று இரண்டு வகையிலும் உலகப் பட்டம் அவரிடம் இருக்கிறது.

ஸ்ட்ரிக்லண்டும் வான் போனிங்கும் அமெரிக்க ஓப்பன் 9 பந்துப் போட்டியை ஆளுக்கு 5 தடவை வென்றவர்கள். உலகப் பட்டம் முன்னவருக்கு 3 (1990, 1991, 2002), பின்னவருக்கு 1 (2022). மூன்றாமிடத்துக்கும் நான்காமிடத்துக்கும் இடையிலான கோடு அவ்வளவுதான். கிரீன்லீஃப் 1919-க்கும் 1937-க்கும் இடையில் பல தடவை உலகப் பட்டம் வென்றவர். அக்கால ஆட்டங்களைக் கண்ணால் பார்த்து ஒப்பிட வழியில்லை என்பதால் ஐந்தாமிடம். கொஞ்சம் அநியாயம்தான். ஃபியோடர் கோர்ஸ்ட், ஜோஷுவா ஃபில்லர் இருவரும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை இப்போதே தராசில் போட வேண்டாம்.

கே: மொஸ்கோனியின் 526 முறியடிக்கப்பட்டுவிட்டதாமே?
(தலவாக்கலை வாசகர்)

ப: ஆம். 1954-இல் ஸ்ட்ரெயிட் பூலில் தவறவிடாமல் தொடர்ந்து 526 பந்துகளைப் போட்டார். 2019-இல் ஜோன் ஷ்மிட் 626, 2022-இல் ஜேசன் ஷோ 714. மொஸ்கோனி ஆடியது 8 அடி மேசை. பிந்தியவர்கள் ஆடியது 9 அடி மேசை. ஆனால் அவர்கள் இந்தச் சாதனைக்கென்றே நாள்கணக்கில் மேசையில் நின்று திரும்பத் திரும்ப முயன்றார்கள். மொஸ்கோனியுடையது ஒரு கண்காட்சி ஆட்டத்தில் வந்தது.

கே: ரேயஸைப்போல் மறைந்த பந்தைக் குஷனில் அடித்துத் தொடுவது எப்படி?
(நுவரெலியா வாசகர்)

ப: ஒரு குஷனிலிருந்து தொடங்குங்கள். இரண்டு பந்தும் குஷனிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பாருங்கள். வெள்ளை 20 அங்குலம், மறைந்த பந்து 10 அங்குலம் தள்ளி நிற்கிறது, குஷன் ஓரமாக இரண்டுக்கும் இடைவெளி 30 அங்குலம் என்று வையுங்கள். 30-ஐ 20-க்கு 10 என்று பிரிக்க வேண்டும். வெள்ளைக்கு நேரான இடத்திலிருந்து 20 அங்குலத்தில் குஷனைத் தொட வேண்டும். பெரும்பாலானோர் தவறுவது அளக்கும் இடத்தில்தான். குஷனின் மூக்கிலிருந்து, அதாவது ரப்பரின் முன் விளிம்பிலிருந்து, அளக்கிறார்கள். பந்தின் விட்டம் 57.15 மில்லிமீற்றர், குஷனைத் தொடும்போது அதன் மையம் மூக்கிலிருந்து ஏறத்தாழ 28.5 மில்லிமீற்றர் உள்ளே இருக்கும். அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும்.

பக்கச் சுழல் கொடுக்காமல் நடுத்தர வேகத்தில் அடியுங்கள். பலமாக அடித்தால் ரப்பர் அமுங்கி, பந்து குறுகிய கோணத்தில் திரும்பும். மெதுவாக உருட்டினால் அகலும். ஒரே நிலையில் 10 தடவை அடித்து எந்தப் பக்கம் விலகுகிறது என்று எழுதி வைத்தால் உங்கள் மேசையின் குணம் பிடிபடும்.

கே: பழைய துரைமார் கிளப் மேசையொன்றில் ஆடுகிறோம். மழை மாதங்களில் வெள்ளை பின்வாங்கவே மாட்டேன் என்கிறது.
(நானுஓயா வாசகர்)

ப: ஈரம் குடித்த துணியில் உராய்வு கூடும். வெள்ளை மற்றப் பந்திடம் போய்ச் சேர்வதற்குள், மோதிய பின் அதைத் திருப்பி இழுக்க வேண்டிய பின்சுழல் கரைந்துவிடும். அதற்காக இன்னும் கீழே குத்தினால் கியூ கோலின் நுனி வழுக்கும். பூல் பந்தில் மையத்துக்குக் கீழே 14 மில்லிமீற்றர்தான் எல்லை. அதற்கு உள்ளேயே நின்று, வேகத்தைக் கூட்டுங்கள். முடிந்தால் இரு பந்துக்கும் நடுவே தூரத்தைக் குறையுங்கள்.

உங்களுடையது ஸ்நூக்கர் மேசையென்றால் துணியில் மயிர் இருக்கும். முதலில் அதன் திசையிலேயே பிரஷ் பண்ணுங்கள். பிறகு மேசைக்கென்றே உள்ள இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி ஒரு பத்திரிகைத் தாளில் வைத்துப் பாருங்கள். தாள் பழுத்தால் சூடு அதிகம். ஆட்டம் தொடங்கும் பக்கத்திலிருந்து எதிர்முனைக் குஷன் நோக்கி, ஓரிடத்திலும் நிறுத்தாமல் ஒரே இழுப்பு. குஷன் மேல் இஸ்திரி படவே கூடாது. பூல் துணிக்கு மயிர் கிடையாது. அதற்கு இந்த இஸ்திரி வேலை வேண்டாம், தூசியை மெல்ல எடுத்தால் போதும்.

கே: பெண்களில் யார்?
(பண்டாரவளை வாசகி)

ப: அலிசன் ஃபிஷர். ஸ்நூக்கரில் 7 உலகப் பட்டங்களோடு 1995-இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போய், 9 பந்தில் 4 உலகப் பட்டங்கள் (1996, 1997, 1998, 2001) வென்றார். அவருக்கு முந்தியவர்களில் ஜீன் பலுக்காஸ். 1972-இலிருந்து 1978 வரை அமெரிக்க ஓப்பன் ஸ்ட்ரெயிட் பூலை ஒரு வருடமும் விடாமல் வென்றவர்.

கே: நம் நாட்டு லாஃபீர் ஏன் எந்தப் பட்டியலிலும் இல்லை?
(பதுளை வாசகர்)

ப: அவர் ஆடியது வேறு ஆட்டம். 1973-இல் பம்பாயில் எம்.ஜே.எம். லாஃபீர் வென்றது உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம். 12 அடி மேசை, மூன்றே பந்து. பில்லியர்ட்ஸ் வரிசையை யாராவது கேட்டு எழுதுங்கள், அவர் பெயரிலிருந்து தொடங்குகிறோம்.