மண்டை எலும்பு ஒட்டிவிட்டது: சிக்னலைத் தேடி நாட்களை இழக்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு மூன்று மாதம். தலை நீளமாகவும் குறுகலாகவும் இருக்கிறது. உச்சியில் முன்னும் பின்னுமாக ஓடும் இணைப்பு முன்கூட்டியே ஒட்டிவிட்டது, செல் சிக்னல் கோளாறுதான் காரணம் என்கிறார் மருத்துவர். முழு மரபணுப் பரிசோதனை செய்து ஹெல்மெட் போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு முகவர் வற்புறுத்துகிறார். சிக்னலைச் சரிசெய்ய மருந்து உண்டா? கர்ப்பத்தில் நான் செய்த தவறா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இல்லை. நீங்கள் சாப்பிட்டதோ, படுத்த விதமோ, வேலை பார்த்ததோ இதற்குக் காரணமில்லை. ஏறக்குறைய 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒன்றுக்கு மண்டை இணைப்பு ஏதாவது ஒன்று இப்படி முன்கூட்டியே ஒட்டிவிடுகிறது. அதில் அதிகம் காணப்படுவது உங்கள் மகனுக்கு வந்திருக்கும் வகைதான்.

மண்டை ஓட்டின் எலும்புகளுக்கு இடையே உள்ள இணைப்புகளில், இன்னும் எலும்பாக மாறாத இளம் செல்கள் இருக்கின்றன. வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்கள் வந்து தொட்டதும், செல்லின் மேலுள்ள ஏற்பி ‘எலும்பாகு’ என்ற செய்தியை உள்ளே அனுப்பும். ட்விஸ்ட்1, நாகின் போன்ற வேறு புரதங்கள் அதைத் தடுத்து நிறுத்தும். இந்த இழுபறி குலைந்தால் நடுவிலுள்ள செல்களும் எலும்பாகி, இணைப்பு மூடிவிடும். மூளை வளர்வதோ நிற்காது. ஒட்டிய இடத்தில் பக்கவாட்டில் விரிய வழியில்லாததால் முன்னும் பின்னும் தள்ளுகிறது. தலை நீளுவது அதனால்தான்.

மருந்து இல்லை. இந்தச் சிக்னலைத் தடுத்து எலிகளில் பலன் கண்டிருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அது ஒட்டுவதற்கு முன் தடுத்த கதை. ஒட்டிய எலும்பு சிக்னலை அடக்கினால் பிரிந்துவிடாது.

அடுத்து ஹெல்மெட். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். 1992-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் குழந்தைகளைக் குப்புறப் போடாமல் மல்லாக்கவோ பக்கவாட்டிலோ படுக்க வைக்கச் சொன்னது. அதனால் தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் குறைந்தன, பின்தலை தட்டையாவது கூடியது. (தூங்கும்போது மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், அதை மாற்றாதீர்கள்.) அந்தத் தட்டைத் தலையில் எலும்பு ஒட்டியிருக்காது, அதனால் ஹெல்மெட்டுக்கு அங்கே ஏதோ வேலை உண்டு. ஒட்டிய இணைப்பை எந்த ஹெல்மெட்டும் திறக்காது. எண்டோஸ்கோப் (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்) அறுவை சிகிச்சைக்குப் பிறகு அறுவை நிபுணரே எழுதிக்கொடுக்கும் ஹெல்மெட் வேறு. அதற்கு முன் விற்க வருபவரிடம் அளவு கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

மரபணுப் பரிசோதனைக்கும் இப்போது அவசரமில்லை. உச்சி இணைப்பு மட்டும் ஒட்டி, கை, கால், முகம் இயல்பாக இருந்தால் பெரும்பாலும் தெளிவான ஒற்றை மரபணு கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அறுவை சிகிச்சை மாறப்போவதில்லை. ஆனால் ஒரு விலக்கைச் சொல்லியே ஆகவேண்டும்: காதிலிருந்து காதுக்குக் குறுக்கே ஓடும் இணைப்பு ஒட்டியிருந்தால், ஒரு பக்கம் மட்டும் என்றாலும், பரிசோதனை தேவை. எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற ஏற்பிக்கான மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறுவதால் வரும் ம்யூன்கே நோய்க்குறி, பார்வைக்குச் சாதாரண ஒட்டல் போலவே இருக்கும். தாய்க்கோ தந்தைக்கோ அதே மாற்றம் வெளியே தெரியாமல் இருக்கலாம். அப்படியானால் அடுத்த குழந்தைக்கும் அந்த மாற்றம் வர ஐம்பது சதவீத வாய்ப்பு. காது கேட்கும் திறனையும் சோதிக்க வேண்டும். இதற்கும் இந்த ஒட்டலோடு தொடர்புடைய மரபணுக்களை மட்டும் பார்த்தால் முதலில் போதும். முகவர் சொல்லும் முழுப் பரிசோதனை தேவையில்லை.

உங்களுக்கு இப்போது குறைவாக இருப்பது நாட்கள். சிறு கீறல் வழியாகச் செய்யும் எண்டோஸ்கோப் சிகிச்சை முதல் சில மாதங்களில்தான் நன்றாகப் பலிக்கும். அது தாண்டினால் பெரிய திறந்த அறுவை சிகிச்சைதான். ஒரு மருத்துவர் இன்னொருவருக்கு எழுதி, அவர் ஸ்கேனுக்கு எழுதி, ஸ்கேன் முடிவு வேறொரு மேசையில் கிடக்க, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகிவிடுகிறது. பெற்றோர் கேட்டால், ‘உச்சிக்குழி திறந்துதானே இருக்கிறது, பார்க்கலாம்’ என்கிறார்கள். உச்சிக்குழி திறந்திருந்தாலும் இணைப்பு ஒட்டியிருக்கலாம்.

எனவே மூளை நரம்பியல் அறுவை நிபுணரும் பிளாஸ்டிக் அறுவை நிபுணரும் சேர்ந்து பார்க்கும் பிரிவு எங்கே என்று இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் கேட்டு, பரிந்துரைக் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் குழந்தையின் வயதை முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள். இடையில் ஓயாத வாந்தி, புடைத்த உச்சிக்குழி, அசாதாரண மயக்கம் இவற்றில் எது வந்தாலும் கடிதத்துக்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.