ஆட்டிசம் உள்ள குழந்தையை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பாட்டு வகுப்பில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். சேர்க்கத்தான் வேண்டும்.

உங்கள் மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம் இருக்கிறது, கேட்ட பாட்டை அப்படியே திருப்பிப் பாடுகிறான், ஆனால் பாட்டு டீச்சர் "தனி வகுப்பென்றால் எடுக்கிறேன், மற்றப் பிள்ளைகளோடு உட்காரவைக்க முடியாது" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாக்கியத்தை வேறு பெற்றோர் வாயிலிருந்தும் கேட்டவள் நான். அதனால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாய்ப்பாட்டு கற்றுக்கொடுக்கிறேன். வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். பகலில் தமிழ்வழிப் பிரிவு உள்ள ஒரு பள்ளி, மாலையில் வீட்டுத் திண்ணையில் வகுப்பு. செம்பை வைத்தியநாத பாகவதரின் நினைவாக அரசு இசைக் கல்லூரியே நடக்கிற மாவட்டம் இது. இங்கே பாட்டுக்குக் குறைவில்லை. பிள்ளை கொஞ்சம் வேறுமாதிரி இருந்தால் மட்டும் பாயில் இடம் கிடைப்பதில்லை.

நான் மருத்துவர் இல்லை, சிறப்புக் கல்வி படித்தவளும் இல்லை. "இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஊருக்கே உபதேசமா?" என்று யாராவது கீழே எழுதக்கூடும். எழுதட்டும். என் திண்ணையில் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இசைச் சிகிச்சை வேறு, இசைக் கல்வி வேறு. "பாட்டு கற்றால் பேச்சு வருமா டீச்சர்?" என்றுதான் பெற்றோர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியின் வலி எனக்குப் புரிகிறது. ஆனாலும் வரும் என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை. 9 நாடுகளில் ஆட்டிசம் உள்ள 364 குழந்தைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2017இல் வெளிவந்தது. வழக்கமான கவனிப்போடு இசைச் சிகிச்சையும் பெற்ற குழந்தைகளுக்கு, பெறாதவர்களைவிட ஆட்டிசத்தின் அறிகுறிகள் குறிப்பிடும்படி குறையவில்லை என்றது அது. சிகிச்சையே வீண் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பயிற்சி பெற்றவர்கள் செய்கிற வேலை, அவர்கள் செய்யட்டும். நான் சொல்வது இவ்வளவுதான்: மற்றப் பிள்ளை எதற்காகப் பாட்டு கற்கிறதோ, உங்கள் பிள்ளையும் அதற்காகவே கற்கட்டும். பாட்டுக்காக. அதற்கு மேல் ஏதேனும் வந்தால் வரட்டும்.

இப்போது என்னிடம் வந்த சிறுவனைப் பற்றிச் சொல்கிறேன்.

வந்த புதிதில் அவன் உட்காரவே மாட்டான். திண்ணையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துகொண்டே இருப்பான். நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். காதுக்கு உட்காரும் பாய் எதற்கு? பள்ளியில் அவனைப் பற்றிய பெரிய குறை, "சொன்னதையே திருப்பிச் சொல்கிறான்" என்பது. "உன் பெயர் என்ன?" என்று கேட்டால் அவனும் "உன் பெயர் என்ன?" என்பான். பாட்டு வகுப்பில் இது எப்படிக் குறையாகும்? நான் ஸரிகம என்றால் ஸரிகம என்று திருப்பிச் சொல்லத்தானே எல்லாப் பிள்ளைகளும் வருகிறார்கள்? அவன் நடந்துகொண்டே மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் பாடமான சரளி வரிசையைத் திருப்பிச் சொன்னான். ரிஷபம், அதாவது 'ரி', சுத்தமாக விழுந்தது.

சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் கேட்பதெல்லாம் என்ன? ஒழுங்கு மாறாத வரிசை, சின்னச் சின்னப் படிகள், அலுக்காமல் திரும்பச் செய்தல். சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் என்று புரந்தரதாசர் காலத்திலிருந்து வருவதாகச் சொல்லப்படும் நம் பாடமுறையில் இவை மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நாங்கள் ஆசிரியர்கள் பொறுமையைத் தேடிக்கொண்டால் போதும்.

ஒருநாள் யாரோ ஒரு பிள்ளையின் கை பட்டு மின்னணுச் சுருதிப்பெட்டி கொஞ்சம் ஏறிவிட்டது. மற்றவர்கள் ஏறிய சுருதியிலேயே பாடத் தொடங்கினார்கள். அவன் மட்டும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறினான். பிடிவாதம் என்று அவன் அம்மா பதறினார். பெட்டியைப் பார்த்தேன், எங்கள் வகுப்பின் வழக்கமான சுருதியான ஐந்து கட்டையில் இல்லை. சரிசெய்ததும் கையை எடுத்துவிட்டான். அன்று முதல் எங்கள் வகுப்பில் சுருதி வைப்பது அவன் வேலை. அவன் வைத்து, தலையசைத்த பிறகுதான் யாரும் வாய் திறக்கலாம். ஆட்டிசம் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் காது இருக்கும் என்று சொல்லவில்லை, இருக்காது. ஒவ்வொரு பிள்ளையும் எங்கே பாட்டுக்குத் தேவைப்படுகிறது என்று ஆசிரியர் தேட வேண்டும் என்கிறேன். ஓரமாக உட்காரவைத்து ஒரு ஜால்ராவைக் கையில் கொடுத்துவிட்டு "சேர்த்துக்கொண்டோம்" என்பது சேர்ப்பது ஆகாது. ஜால்ராச் சத்தம் இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தாங்காது என்பதுகூடத் தெரியாமல் அதைத்தான் முதலில் நீட்டுகிறார்கள்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பெண்ணும் அதே வகுப்பில் இருக்கிறாள். ஆதி தாளம் போடத் தட்டி, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று எண்ண வேண்டும். அவள் விரல்கள் அவ்வளவு வேகமாகப் பிரிந்து வரவில்லை. திண்ணையில் சாக்பீஸால் எட்டுக் கட்டம் போட்டேன். நான்கு கட்டம் நடை, இரண்டு, மறுபடி இரண்டு. அவளுக்காகப் போட்ட கட்டத்தில் எல்லாப் பிள்ளைகளையும் நடக்கவைத்தேன். அதுவரை தாளத்தில் ஓடிக்கொண்டிருந்த கெட்டிக்காரப் பிள்ளைகளும் அதற்குப் பிறகுதான் வேகம் மாறாமல் காலப்பிரமாணத்தில் நின்றார்கள். "இப்படிப்பட்ட பிள்ளை வந்தால் எங்கள் பிள்ளையின் பாடம் பின்னால் போகும்" என்று கவலைப்படும் பெற்றோருக்கு இதைவிட என்ன பதில் சொல்வது?

பள்ளி ஆண்டு விழாவுக்குக் கும்மிப் பாட்டு எடுத்தோம். விழாப் பொறுப்பில் இருந்தவர் வந்து, "அவன் மேடையில் நிற்கட்டும் டீச்சர், மைக் மட்டும் அவன் பக்கம் வேண்டாம்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நிகழ்ச்சி கெட்டுவிடக் கூடாதே என்ற பயம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அரசு நிதி பெறும் பள்ளிகளும் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் பாகுபாடில்லாமல் சேர்த்துக்கொண்டு, படிப்போடு விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளையும் மற்றவர்களுக்குச் சமமாகத் தர வேண்டும் என்கிறது. இதை அவரிடம் சொன்னேன். மைக் இல்லாமல் நிறுத்திவைப்பது சமம் இல்லை என்றும் சொன்னேன்.

கும்மியை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். எங்கள் பக்கத்து அக்ரகாரங்களின் நாமசங்கீர்த்தனமும் இப்படித்தான். வாங்கிப் பாடும் பாட்டில் யார் வேண்டுமானாலும் எந்த வரியிலும் சேரலாம், விடலாம், மறுபடி சேரலாம். அன்று மேடையில் அவன் சுருதி வைத்தான், தலையசைத்தான், பாட்டு தொடங்கியது. பாதியில் ஒலிபெருக்கி கீச்சிட்டது. அவன் காதைப் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான். அடி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த சிறுமி அடுத்த அடிக்குப் போகவில்லை. அதே அடியை மறுபடி எடுத்தாள். வட்டமும் அதையே வாங்கிப் பாடிக் கைதட்டிச் சுற்றியது. நான் அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவன் திரும்பி வந்து தன் இடத்தில் நின்ற பிறகுதான் பாட்டு நகர்ந்தது. கேட்டவர்களுக்கு அது பாட்டின் அமைப்பு என்றே தோன்றியிருக்கும். தனி வகுப்பு அவனுக்குச் சுரம் கொடுத்திருக்கும், இந்தச் சிறுமியைக் கொடுத்திருக்காது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனம் ஆறவில்லை. இந்தச் சிறுவனின் வீட்டாரிடம் பேச்சுப் பயிற்சி மையம் ஒன்றில், "வீட்டில் இனி மலையாளம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி அவனைக் குழப்பும்" என்று சொல்லிவிட்டார்கள். பாட்டிக்கு மலையாளம் வராது. பேரனோடு பேசினால் கெடுத்துவிடுவோமோ என்று அந்த அம்மாள் வாய்மூடிக்கிடந்தார். இருமொழிச் சூழலில் வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இரண்டு மொழி ஆடம்பரம் இல்லை, ஒன்று கடைக்கு, ஒன்று பாட்டிக்கு. தமிழில் அரசுக்கு மனு எழுதும் உரிமையைக் கேரள ஆட்சிமொழிச் சட்டமே எங்களுக்குத் தந்திருக்கிறது, ஒரு குழந்தை தன் பாட்டியோடு தமிழில் பேச மட்டும் தடையா? உங்களுக்கும் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் தயவுசெய்து இன்னொருவரிடம் கேளுங்கள்.

சரி, உங்கள் ஊர் டீச்சரிடம் திரும்பவும் போங்கள். வைக்கம் விஜயலட்சுமி பார்வையில்லாமலே ஒற்றைத் தந்தியில் காயத்ரி வீணை வாசிக்கிறார், ஸ்காட்லாந்தின் எவலின் கிளெனி காது கேளாமலே வெறுங்காலில் அதிர்வை உணர்ந்து தாள வாத்தியம் வாசிக்கிறார் என்றெல்லாம் அவரிடம் சொல்லாதீர்கள். மேதையானால்தான் இடம் என்று ஆகிவிடும். சாதாரணமாகப் பாடுகிற பிள்ளைக்கும் இடம் வேண்டும். அதற்குப் பதில், வகுப்பில்லாத நேரத்தில் அவனை ஒருமுறை அழைத்துப்போய் அறையைக் காட்டலாமா என்று கேளுங்கள். பாடத்தின் வரிசையைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டலாமா, அவன் நடந்தால் நடக்க விடுவாரா, சத்தம் அதிகமானால் வெளியே போய்வர ஒரு கதவோரம் கிடைக்குமா என்று கேளுங்கள். முதல் மாதம் நீங்களும் கூட உட்காருங்கள், பிறகு மெல்ல வாசலுக்கு நகருங்கள். இவ்வளவுக்கும் முடியாது என்றால் வேறு டீச்சரைப் பாருங்கள். சித்தூர் வட்டத்துக்குள் இருப்பவர் என்றால் பின்னூட்டத்தில் எழுதுங்கள், என் வகுப்பு மாலை ஐந்து மணிக்கு.