மாத்திரையை ஏன் விழுங்குவதில்லை என்று யார் கேட்பது?

கேள்வி: நான் பொதுச் சுகாதார முதுநிலை மாணவி. அரசுப் பள்ளிகளில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை 7 முதல் 9-ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் சிலர் ஏன் விழுங்குவதில்லை என்று ஆராயப்போகிறேன். "பிள்ளைகளையும் ஆய்வில் கூட்டாளிகளாகச் சேர்" என்கிறார் வழிகாட்டி. தயாரித்த கேள்வித்தாளைக் காட்டிக் கருத்துக் கேட்டால் போதுமா?

பதில்: போதாது. எல்லாம் முடிந்தபின் காட்டினால் "நல்லா இருக்கு மிஸ்" என்பார்கள், மிஞ்சினால் ஓர் எழுத்துப்பிழையைச் சொல்வார்கள். பிள்ளைகளின் பங்கேற்பு எவ்வளவு உண்மையானது என்று காட்ட ஆய்வாளர் ரோஜர் ஹார்ட் 1992-இல் யுனிசெஃப் வெளியீட்டில் விவரித்த எட்டுப் படி ஏணியில் கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பாகவே அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அவற்றில் மூன்றாவது, நம் ஊர் விளையாட்டில் சொல்லும் 'ஒப்புக்குச் சப்பாணி'. உங்கள் யோசனை இப்போது அங்கேதான் நிற்கிறது.

முதலில் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். மாற்ற முடியாதவை ஒரு பக்கம்: திட்டத்தின் அளவு (10 முதல் 19 வயதுக்கு 60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்), பள்ளிகளின் எண்ணிக்கை, ஆய்வேட்டின் கடைசித் தேதி. மாற்றக்கூடியவை மறுபக்கம்: எதைக் கேட்பது, எந்தச் சொல்லில், யார், எங்கே கேட்பது. முதல் கூட்டத்திலேயே இதைப் படித்துக் காட்டுங்கள். இரண்டாம் பத்தி காலியாக இருந்தால் பிள்ளைகளைக் கூட்டாளி என்று அழைக்காதீர்கள். வழக்கம்போல் பேட்டி மட்டும் எடுத்துக்கொள்வதே நேர்மை.

எட்டுப் பத்துப் பேர் கொண்ட குழு போதும். தேர்வைத் தலைமையாசிரியரிடம் விட்டால் வகுப்புத் தலைவியும் முதல் ரேங்க் வாங்குபவரும்தான் வருவார்கள். அவர்கள் பெரும்பாலும் மாத்திரையை ஒழுங்காகப் போடுபவர்கள். விருப்பமுள்ளவர்களைச் சீட்டு எழுதிப் பெட்டியில் போடச் சொல்லிக் குலுக்கி எடுங்கள். மாத்திரை ஆண்பிள்ளைகளுக்கும் உண்டு, அவர்களை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் பெரியவர்கள் இருவர் இருக்கட்டும். ஆசிரியர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கலாம், காதுக்கு எட்டக் கூடாது. ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். சிற்றுண்டியையும் பஸ் கட்டணத்தையும் முன்கூட்டியே பட்ஜெட்டில் எழுதுங்கள்.

முதல் கூட்டத்துக்கு முன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் இசைவும் தேவை: 7 முதல் 12 வயதுவரை வாய்மொழியாக, அதற்கு மேல் எழுத்தில். உங்கள் 7-ஆம் வகுப்பு இந்தக் கோட்டின் இருபுறமும் விழும் என்பதால் இரண்டுக்கும் தயாராகப் போங்கள். அம்மா கையெழுத்துப் போட்டிருந்தாலும் பிள்ளை "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான்.

பிள்ளைகளால் ஆய்வுக்கு அதிகம் கிடைப்பது கேள்விகளை உருவாக்கும் கட்டத்தில். "மாத்திரை சாப்பிட்டாயா?" என்றால் எல்லோரும் "ஆமாம்" என்பார்கள், ஏனென்றால் ஆசிரியர் கண்ணெதிரே விழுங்க வேண்டும் என்பது விதி. "உங்க வகுப்புல மாத்திரை வாங்கினதும் என்னென்ன பண்ணுவாங்க?" என்று பொதுவாகக் கேட்டால் கதை வேறு. அந்த வாசகத்தைப் பிள்ளைகளே எழுதட்டும், நீங்கள் செந்தமிழாக்காதீர்கள். பக்கவிளைவு என்று வாந்தி, வயிற்றுவலி இரண்டை மட்டும் தாளில் அச்சடித்திருப்பீர்கள். இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகும். அதைக் கண்டு பயந்து நிறுத்திய பிள்ளை ஆசிரியரிடம் போய்ச் சொல்லுமா? வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்பதால், காலையில் சாப்பிடாமல் வருபவர்களைப் பற்றியும் கூச்சப்படுத்தாமல் கேட்க வழி வேண்டும்.

பிள்ளைகளே பேட்டி எடுப்பதானால் சொந்த வகுப்பில் வேண்டாம். ரகசியம் இடைவேளைக்குள் பள்ளி முழுக்கப் பரவிவிடும். பெயர் எழுதாமல், இருவர் இருவராகப் பேட்டி எடுக்கட்டும். மாதவிடாய் பற்றிய கேள்விகளைப் பெண்பிள்ளைகளிடம் பெண்பிள்ளைகளே கேட்கட்டும். "யாரிடமும் சொல்லமாட்டோம்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால் 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி புகார் செய்தே ஆக வேண்டும். அப்படி ஏதாவது காதில் விழுந்தால் மேற்கொண்டு துருவாமல் உடனே உங்களிடம் வரவேண்டும் என்று குழுவுக்குப் பழக்குங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-உம் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

பகுப்பாய்வு வந்ததும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவதுதான் வழக்கம். அனுப்பாதீர்கள். அடையாளம் நீக்கிய பதில்களைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து, ஒன்றுபோல் இருப்பவற்றை அடுக்கி, அடுக்குக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் 'அலட்சியம்' என்று வைத்த சீட்டை அவர்கள் 'பயம்' பக்கம் போடலாம். ஒத்துவராவிட்டால் இரண்டு அடுக்கையும் அறிக்கையில் காட்டுங்கள்.

பிள்ளைகளின் கருத்துக்கு உரிய மதிப்புக் கிடைக்கத் தேவை என்று ஆய்வாளர் லாரா லண்டி 2007-இல் சொன்ன நான்கில், பேச இடமும் குரலும் எளிது, கேட்பவரும் தாக்கமும்தான் கடினம். ஆகவே கடைசிக் கூட்டத்துக்கு மாத்திரை வழங்கும் முறையை மாற்ற அதிகாரம் உள்ளவரை, குறைந்தது வட்டார மருத்துவ அலுவலரை, அழைத்து வந்து உட்கார வையுங்கள். ஒரு மாதத்துக்குள் எதை ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் குழுவிடம் கொடுங்கள். சான்றிதழில் பிள்ளைகளின் பெயர் இருக்கட்டும். ஆய்வேட்டில் குழுவின் பெயர் மட்டும் போதும், படம் வேண்டாம்.