மாட்டு உண்ணிக்கு மருந்து அடித்தால் உண்ணிக்காய்ச்சல் நிற்குமா?

கேள்வி: ஆரணி பக்கம் ஒன்றரை ஏக்கரில் சம்பா நெல்லும் அரை ஏக்கரில் மணிலாவும் (நிலக்கடலை) வைத்திருக்கிறேன். இரண்டு கறவை மாடு, ஆறு ஆடு. வரப்பில் புல் அறுத்துவந்த என் மனைவிக்கு ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல். ரத்தம் பார்த்து ஸ்க்ரப் டைஃபஸ் என்றார்கள். மாத்திரையில் தேறிவிட்டார். மாட்டின் மேல் உண்ணி நிறைய இருக்கிறது. அதற்கு மருந்து அடித்தால் இது நிற்குமா? வரப்பில் எலி வளையும் அதிகம், விஷம் வைக்கலாமா?

பதில்: மாட்டு உண்ணியால் இந்தக் காய்ச்சல் வருவதில்லை. ஊரில் உண்ணிக்காய்ச்சல் என்று சொல்வதால் எல்லோரும் மாட்டைத்தான் பார்க்கிறார்கள். இதைப் பரப்புவது மண்ணில் வாழும் ஒரு செம்பேனின் (தலைப்பேன் அல்ல, சிலந்தி வகைச் சிற்றுயிர்) குஞ்சு. கால் மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆரஞ்சு நிறம், ஆறு கால். வளர்ந்த பேன் மண்ணுக்குள்ளேயே பூச்சி முட்டைகளைத் தின்று வாழும், யாரையும் கடிக்காது. குஞ்சு மட்டும் தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை எலி, மூஞ்சூறு, பறவை என்று ஏதோ ஒன்றின் உடம்பில் ஒட்டித் தின்றுவிட்டு மண்ணில் விழும். அந்த ஒரு தடவையில் மனிதர் குறுக்கே வந்தால் நமக்குக் காய்ச்சல்.

கிருமி தாய்ப்பேனிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்துவிடுகிறது. ஆகவே கிருமியின் இருப்பிடம் பேன்தான். எலி அதற்குச் சோறு போடுகிறது, வளை வளையாகச் சுமந்துபோய்ப் பரப்புகிறது. இதனால்தான் எடுத்த எடுப்பில் விஷம் வைக்கக் கூடாது. எலி ஒரேயடியாகச் செத்தால் பசியோடு கிடக்கும் குஞ்சுகள் அடுத்து வரும் காலில் ஏறும். முதலில் புல், பிறகு எலி. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

பேன் வயல் முழுக்கப் பரவி இருக்காது, திட்டுத் திட்டாக இருக்கும். புல் மண்டிய வரப்பு, வாய்க்கால் கரை, புதரும் வயலும் சேரும் ஓரம், நிழலும் ஈரமும் உள்ள இடம். சந்தேகமான இடத்தில் ஒரு கருப்பு அட்டையைத் தரையோடு வைத்து இரண்டு மூன்று நிமிடம் விட்டுப் பாருங்கள். இருந்தால், ஓரத்தில் மிளகாய்த்தூள் சிந்தினாற்போல் சிவந்த புள்ளிகள் ஓடும். கிட்டியில் (எலிப்பொறி) விழுந்த எலியின் காது மடலுக்குள்ளும் இதே புள்ளிகள் கொத்தாக ஒட்டியிருக்கும். கையுறை இல்லாமல் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

வெயில் பட்டுக் காய்ந்த மண்ணில் இந்தப் பேன் பிழைக்காது. மழை இரண்டு மூன்று நாள் விட்டதும் வரப்புப் புல்லைத் தரையோடு ஒட்ட வெட்டி, வெட்டியதை அங்கேயே குவிக்காமல் வெயிலில் பரப்பிக் காயவிடுங்கள். உட்கார்ந்து அரிவாளால் அறுப்பதைவிட நின்றபடி புல்வெட்டும் இயந்திரத்தால் வெட்டுவது நல்லது. வரப்பை அண்டை கழித்து (பக்கங்களைச் செதுக்கி) சேறு பூசி, ஒன்றரை அடி அகலத்துக்கு மேல் போகாமல் வைத்தால் எலியும் வளை தோண்டத் தயங்கும். வரப்பில் பூச்சிமருந்து அடிப்பதை நான் சொல்ல மாட்டேன். மண்ணுக்குள் இருக்கும் பேனுக்கு அது எட்டாது, நெல்லுக்கு நன்மை செய்யும் சிலந்திகள்தான் சாகும்.

புல் காய்ந்து ஒரு வாரம் கழித்து எலி வேலை. மாலையில் எல்லா வளைகளையும் மண்ணால் அடைத்துவிடுங்கள். காலையில் திறந்திருப்பவையே எலி உள்ள வளை. 960 கிராம் குருணை அரிசி, 20 கிராம் எண்ணெய், 20 கிராம் புரோமடியோலோன் 0.25 சதவீத மருந்து: இவற்றைக் கையுறை போட்டுக் குச்சியால் கலந்து, வளைக்குப் பத்து கிராம் வீதம் பொட்டலமாக உள்ளே தள்ளுங்கள். எலி உடனே சாகாது, நாலைந்து நாள் ஆகும். அதனால் மற்ற எலிகளுக்குச் சந்தேகம் வராது. துத்தநாக பாஸ்பைடு சீக்கிரம் கொல்லும். ஆனால் இரண்டு நாள் விஷமில்லாத இரை வைத்துப் பழக்காவிட்டால் ஒன்று செத்ததும் மற்றவை தொடாது. மஞ்சள் பாஸ்பரஸ் பசையைத் தமிழ்நாட்டில் தடை செய்திருக்கிறார்கள், யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சம்பாவில் கதிர் வந்துவிட்டால் விஷ இரையை எலி சீண்டாது, பால்மணி இருக்க அதற்கென்ன குறை? அப்போது தஞ்சாவூர் கிட்டிதான், ஏக்கருக்கு 40. பக்கத்து வயல்காரரும் சேர்ந்து செய்யாவிட்டால் கொஞ்ச நாளில் அங்கிருந்து வந்துவிடும். செத்த எலியை மண்வெட்டியால் எடுத்து இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். உடல் ஆறியதும் தெள்ளுப்பூச்சி இறங்கி ஓடும், அதில் வேறொரு டைஃபஸ் இருக்கிறது.

வீட்டோரம் மூஞ்சூறையும் கவனியுங்கள். அது பூச்சி தின்னி, அரிசி இரைக்கு மசியாது. கருவாடு கட்டிய கூண்டுப்பொறி வையுங்கள். விறகையும் வைக்கோல் போரையும் கல் மேல் ஏற்றி வீட்டைவிட்டுத் தள்ளிப் போடுங்கள்.

மாட்டு உண்ணியையும் விட்டுவிடச் சொல்லவில்லை, அது பாலைக் குறைக்கும், மாட்டுக்குக் காய்ச்சலும் தரும். டெல்டாமெத்ரின் 1.25 சதவீத மருந்தை லிட்டருக்கு 2 மி.லி. கலந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, பால் கறந்த பிறகு வெயில் ஏறுமுன் அடியுங்கள். முதுகில் அடித்துப் பயனில்லை. காதோரம், அலைதாடி (கழுத்தடியில் தொங்கும் தோல்), வாலடி, தொடை இடுக்கு, மடி மடிப்பு நனைய வேண்டும். உடம்பு காயும்வரை நக்காமல் வாய்க்கூடு போடுங்கள். அடுத்த கறவைக்கு முன் மடியைக் கழுவுங்கள். கீழே விழுந்த உண்ணி கொட்டகைச் சுவர் வெடிப்பில்தான் முட்டையிடும். வெடிப்பைப் பூசிச் சுண்ணாம்பு அடிக்காமல் மாட்டுக்கு மட்டும் அடித்தால் மூன்று வாரத்தில் பழையபடி ஆகிவிடும்.

வீட்டம்மா இனிப் புல்லுக்குப் போனால் சேலைக்குள் முழுக்கால் பேன்ட், மேலே முழுக்கைச் சட்டை, ரப்பர் பூட்ஸ். பூச்சிவிரட்டிக் களிம்பைக் கணுக்காலிலும் கையிலும் தடவட்டும். புல்லுக்கட்டை இடுப்பில் அணைக்கவோ, சாப்பிட வரப்பில் துண்டு விரித்து உட்காரவோ வேண்டாம். குஞ்சு ஏறியதும் கடிப்பதில்லை, துணி இறுகும் இடம் தேடி ஊரும். வீடு வந்த கையோடு சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, துணியை வெந்நீரில் ஊறவைத்தால் பெரும்பகுதி ஆபத்து கழியும்.

கடித்து ஆறு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வரலாம். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்பின் கீழ் பாருங்கள். பீடிச் சூடு பட்டாற்போல் வலியில்லாத கருப்புப் பொருக்கு இருந்தால் அதுவே அடையாளம். எல்லோருக்கும் இருக்காது. தட்டணுக்கள் இதிலும் குறைவதால் டெங்கு என்று எண்ணி நாளைக் கடத்துவது உண்டு. டாக்டரிடம் வயலில் புல் அறுத்ததைச் சொல்லுங்கள். இதற்குக் கேட்பது டாக்ஸிசைக்ளின், கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின். வழக்கமான பென்சிலின் வகை ஊசி கேட்காது. சரியான மருந்து இல்லாமல் இரண்டாம் வாரத்துக்குப் போனால் நுரையீரலும் சிறுநீரகமும் கெடலாம். ஒருமுறை வந்ததால் உங்கள் மனைவிக்கு மறுபடி வராது என்று இருந்துவிட வேண்டாம், வரும்.