சிண்ட்ரெல்லாவும் நான்காம் வகுப்பும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை. 1950இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட ‘சிண்ட்ரெல்லா’ படத்தைக் காட்டி, அதை வைத்தே இரண்டு வாரம் எல்லாப் பாடங்களையும் நடத்தலாம் என்று எண்ணியிருக்கிறேன். மொழிப்பாடத்தில் கதைச்சுருக்கம், கணிதத்தில் எலிகளை எண்ணிக் கூட்டுவது, அறிவியலில் எலியின் உடலமைப்பு, சமூக அறிவியலில் அரசர்கள், ஓவியத்தில் காலணிக்கு வண்ணம் தீட்டுவது என்று அட்டவணையும் போட்டுவிட்டேன். சக ஆசிரியர்கள் இதை வீண்வேலை என்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பிள்ளைகள் எதையாவது கற்றார்களா என்று இறுதியில் எப்படித் தெரிந்துகொள்வது?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் எண்ணத்தோடு எனக்கு உடன்பாடு உண்டு, அட்டவணையோடு இல்லை. எண்ணிக் கூட்டுவதற்குச் சுண்ணக்கட்டித் துண்டுகளே போதும், சிண்ட்ரெல்லா வீட்டு எலிகள் வேண்டியதில்லை. பயிற்சித்தாளின் மூலையில் இளவரசியின் படத்தை அச்சிட்டுவிட்டால் அது கதையாகிவிடாது என்பது பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். கதைக்குள் தானாக எழும் கேள்வி எது, நாம் வெளியிலிருந்து கொண்டுவந்து திணிக்கும் கேள்வி எது என்று பிரித்துப் பார்த்து, இரண்டாம் வகையை இரக்கமில்லாமல் அடித்துவிடுங்கள். அதன்பின் உங்கள் அட்டவணையில் மிஞ்சுவது சில காட்சிகளாகவே இருக்கும். இரண்டு வாரங்களுக்கு அவை தாராளம்.

நள்ளிரவுக் காட்சியை எடுத்துக்கொள்வோம். தேவதையின் மந்திரம் கலையுமுன், கடிகாரம் பன்னிரண்டு அடிப்பதற்குள் சிண்ட்ரெல்லா அரண்மனை விருந்திலிருந்து வெளியேற வேண்டும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இரண்டு நொடி என்று வைத்துக்கொண்டால், முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை எத்தனை நொடி என்று வகுப்பில் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் 24 என்பார்கள். பன்னிரண்டு பேரை மேசையைத் தட்டச் சொல்லி, இடைவெளிகளை மட்டும் மற்றவர்களை எண்ணச் செய்தால், இடைவெளிகள் பதினொன்றுதான், ஆகவே 22 நொடிதான் என்பது அவர்களுக்கே விளங்கும். பிறகு அந்தக் காட்சியை மறுபடி ஓடவிட்டு, திரையில் அது எவ்வளவு நேரம் நீள்கிறது என்று நிறுத்துக் கடிகாரத்தால் அளக்கச் சொல்லுங்கள். கடிகாரத்தின் நேரமும் கதையின் நேரமும் ஏன் ஒத்துப்போகவில்லை, பதற்றமான இடத்தில் கதைசொல்பவர் நேரத்தை எப்படி இழுக்கிறார் என்ற பேச்சு அங்கேயே தொடங்கிவிடும். அப்போது நடப்பது கணிதமா மொழிப்பாடமா என்று யாரும் கேட்கப்போவதில்லை, நீங்களும் கேட்க வேண்டாம்.

கண்ணாடிக் காலணியும் அப்படித்தான். அதற்கு வண்ணம் தீட்டுவதைவிட, அதை அணிந்து ஓட முடியுமா என்று கேட்பது நல்ல பாடம். நடக்கும்போது பாதம் விரல்களின் அடியில் மடங்குகிறது; தோல் கூடவே மடங்கும், கண்ணாடி மடங்காது. வளையாத மெல்லிய பலகைத் துண்டைக் காலடியில் கட்டிக்கொண்டு நான்கு எட்டு மெதுவாக வைத்துப் பார்த்தாலே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். மணலையும் சோடாவையும் சுண்ணாம்புக் கல்லையும் சேர்த்து உருக்கினால் கண்ணாடி கிடைக்கிறது என்பதை அந்த ஆர்வத்தின் சூட்டோடு சொன்னால் மறக்கமாட்டார்கள்.

சமூக அறிவியலுக்கு அரசர்களைவிட, தேவதை வண்டியாக மாற்றும் பரங்கிக்காய் உதவும். இந்தப் படம் பெரும்பாலும் 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் சார்ல் பெரோ வெளியிட்ட கதையைப் பின்பற்றுகிறது. பரங்கிக்காய் வண்டியும் கண்ணாடிக் காலணியும் அதில் உள்ளவை. பரங்கிக்காயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492இல் கொலம்பஸ் கடல்கடந்த பிறகே அது ஐரோப்பாவுக்கு வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் சீனத்தில் எழுதிவைக்கப்பட்ட யெ சியென் என்ற பெண்ணின் கதையிலும் மாற்றாந்தாயும் தொலைந்த காலணியும் உண்டு, ஆனால் காலணி பொன்னால் ஆனது, உதவி செய்வது ஒரு மீனின் எலும்புகள். 1812இல் கிரிம் சகோதரர்கள் அச்சிட்ட ஜெர்மானியக் கதையில் தேவதையே இல்லை. தாயின் கல்லறைமேல் வளர்ந்த மரமும் பறவைகளும் ஆடை தருகின்றன. ஒரே கதை ஊர்விட்டு ஊர் போகும்போது எதை வைத்துக்கொள்கிறது, எதை மாற்றிக்கொள்கிறது என்பதை உலக வரைபடத்தின் முன் நின்று பேசலாம். கிரிம் கதையில் சகோதரிகள் காலணிக்காகப் பாதத்தை வெட்டிக்கொள்ளும் இடத்தைச் சொல்வதா வேண்டாமா என்பதை வகுப்பைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஓவியத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். திரையில் நொடிக்கு 24 சட்டகங்கள், அதாவது தனித்தனி அசையாப் படங்கள், ஓடுகின்றன. படம் 75 நிமிடம் என்று கொண்டால் மொத்தம் 1,08,000 சட்டகங்கள். ஒரே ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்துவதும் வழக்கம். காலணி படியில் நழுவி விழுவதைப் பன்னிரண்டு தாள்களில் வரைந்து, அடுக்கி, கட்டைவிரலால் புரட்டிப் பார்க்கட்டும்.

படத்தை முதல்முறை இடைநிறுத்தாமல் முழுதாகக் காட்டுங்கள், அன்று ஒரு கேள்வியும் வேண்டாம். பார்க்கும்போதே பாடம் எடுத்தால் படமும் போகும், பாடமும் போகும். இன்னொன்றிலும் கவனம் வேண்டும்: மாற்றாந்தாயிடம் வளரும் பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். அந்தப் பாத்திரம் கொடியவள் என்பதையும் மாற்றாந்தாய் என்பதையும் ஒன்றாக்கிப் பேசாதீர்கள். மின்சாரமோ செரிமான மண்டலமோ கதைக்குள் வரவில்லையென்றால் அவற்றை வழக்கமான வகுப்பிலேயே நடத்திக்கொள்ளலாம். எல்லாப் பாடத்தையும் ஒரு படத்துக்குள் அடைக்கப் பார்ப்பதால்தான் உங்கள் சக ஆசிரியர்களுக்கு ஐயம் வருகிறது, அந்த அளவில் அவர்கள் சொல்வது சரிதான்.

கற்றார்களா என்று அறிவதற்குக் கதைச்சுருக்கம் எழுதவைக்காதீர்கள், அது நினைவாற்றலைத்தான் காட்டும். அவர்கள் பார்த்திராத வேறொரு தேவதைக்கதையை வாய்வழியாகச் சொல்லிவிட்டு, அதிலிருந்து அளந்தோ செய்தோ தேடியோ விடை காணக்கூடிய மூன்று கேள்விகளை ஒவ்வொருவரையும் எழுதச் சொல்லுங்கள். முதல் நாளே இதே பயிற்சியைக் கொடுத்து அந்தத் தாள்களை வாங்கி வைத்திருந்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துச் சக ஆசிரியர்களுக்கும் காட்டலாம்.

அன்புடன்.