பாடுகிறவரே வாசலையும் பார்க்க வேண்டுமா?

கேள்வி: சனிக்கிழமை மாலைகளில் ஜூமில் தேவார வகுப்பு எடுக்கிறேன், முப்பது பேர் வருகிறார்கள், கட்டணம் செலுத்திய கணக்குதான். பாடும்போது வெயிட்டிங் ரூமில் ஆள் நிற்பதே தெரிவதில்லை. போன வாரம் கரண்ட் போய் நானே வெளியே வந்துவிட்டேன். ஒரு மாணவியிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பாஸ்வேர்டை மட்டும் கொடுக்காதீர்கள் அம்மா. உங்கள் பதிவுகள், கணக்கு விவரம் எல்லாமே அதோடு போய்விடும், அந்தப் பெண்ணுக்கும் அது வீண் பாரம்.

அவரைக் கோ-ஹோஸ்ட், அதாவது வகுப்பை நடத்தும் ஹோஸ்டான உங்களுக்குத் துணை, ஆக்கிவிடுங்கள், போதும். வகுப்பு தொடங்கியதும் பார்ட்டிசிபன்ட்ஸ் பட்டியலில் அவர் பெயர் பக்கத்தில் 'மோர்' என்று இருக்கும், அதற்குள் 'மேக் கோ-ஹோஸ்ட்'. இதை ஒவ்வொரு வாரமும் செய்ய வேண்டும். அப்புறம் வாசலில் நிற்பவர்களை உள்ளே விடுவதும், குக்கர் விசில் அடிக்கிற வீட்டு மைக்கை அணைப்பதும் அவர் வேலை. பாட்டு வகுப்பில் இந்த மைக் வேலைதான் பெரிது, ஏனென்றால் இணையத்தில் ஒவ்வொருவர் குரலும் கொஞ்சம் கொஞ்சம் தாமதித்து வரும், எல்லோரும் சேர்ந்து பாடினால் தாளம் ஒட்டவே ஒட்டாது, ஒருவர் பாட மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுக் கூடப் பாடுவதுதான் வழி. அணைத்த மைக்கைக் கோ-ஹோஸ்ட் தானாகத் திறந்துவிட முடியாது, 'ஆஸ்க் டு அன்மியூட்' என்று கேட்கத்தான் முடியும், அந்தப் பக்கம் இருப்பவர்தான் சம்மதித்துத் தொட வேண்டும். வயதான மாணவிகளிடம் இதை முதல் நாளே சொல்லிக் காட்டிவிடுங்கள்.

என்னைக் கேட்டால் இரண்டு பேரைப் போடுங்கள், ஒருவர் வாசலுக்கு, ஒருவர் மைக்குக்கு. இருவருக்கும் ஒரே வேலை என்றால் அவர் பார்ப்பார் என்று இவரும், இவர் பார்ப்பார் என்று அவரும் இருந்துவிடுவார்கள். யாருக்கு என்ன வேலை என்பதை வகுப்பில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள், அப்போதுதான் சந்தேகம் வந்தால் உங்கள் பாட்டை நிறுத்தாமல் சாட்டில் அவர்களிடம் கேட்பார்கள்.

சரி, கரண்ட் போனால்? கோ-ஹோஸ்ட் இருந்தால் பொறுப்பு அவரிடம் போய் வகுப்பு நடக்கும், நீங்கள் திரும்பி வந்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வகுப்பைத் தொடங்கிவைக்கக் கோ-ஹோஸ்டால் முடியாது. அதற்கு 'ஆல்டர்நேட்டிவ் ஹோஸ்ட்' என்று முன்கூட்டியே போட வேண்டும், அவரும் உங்கள் கணக்கிலேயே கட்டணம் செலுத்திய பயனராக இருக்க வேண்டும், அதனால் உங்களுக்கு இது அவ்வளவு தோதுப்படாது.

நீங்கள் பாதியில் கிளம்ப வேண்டி வந்தால் 'எண்ட் மீட்டிங் ஃபார் ஆல்' பக்கம் விரல் போகக் கூடாது, முப்பது பேரும் வெளியே வந்துவிடுவார்கள். 'லீவ் மீட்டிங்' கொடுத்து, அடுத்து யார் ஹோஸ்ட் என்று கேட்கும்போது அந்தப் பெண்ணின் பெயரைத் தொடுங்கள்.