சோப்பு உறையில் வசனம் போடலாமா?

கேள்வி: வீட்டில் கையால் சோப்பு தயாரித்து இணையத்தில் விற்கத் தொடங்கியிருக்கிறேன். மார்க்கெட்டிங் கற்றுத்தந்தவர், “மூன்றே மூன்றுதான் மீதி என்று போடுங்கள், விலையை ஏற்றி எழுதி, அதை அடித்துவிட்டுக் குறைத்துக் காட்டுங்கள், உறவினர்களை விட்டு விமர்சனம் எழுதச் சொல்லுங்கள்” என்கிறார். மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. ஒரு விசுவாசி எப்படித்தான் விளம்பரம் செய்வது? உறையில் வேத வசனம் அச்சிடலாமா? சபையின் வாட்ஸ்அப் குழுவில் விற்கலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் மனசாட்சி உறுத்த வேண்டிய இடத்தில்தான் உறுத்துகிறது. ஆனால் விளம்பரம் செய்வதே பாவம் என்று அதற்கு அர்த்தமில்லை. பவுல் கூடாரம் செய்து பிழைத்தார். லீதியாள் இரத்தாம்பரம் என்னும் ஊதாத் துணி விற்றாள். இன்ன பொருள் இன்னாரிடம் கிடைக்கும் என்று ஊருக்குத் தெரியாமல் இருவருமே தொழில் நடத்தியிருக்க முடியாது.

உங்களுக்குச் சொல்லித்தந்த மூன்று வழிகளிலும் இல்லாத ஒன்று இருப்பதாகக் காட்டப்படுகிறது. அதுதான் குற்றம். “உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்” (மத்தேயு 5:37) என்ற கட்டளை விலைக்கும் பொருந்தும் என்று 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் உறுதியாக நம்பினார்கள். பேரம் பேசுவதே வழக்கமாயிருந்த காலம் அது. மனதில் ஒரு விலை, வாயில் ஒரு விலை என்றால் வாயில் வந்தது பொய் என்று சொல்லி, ஒரே விலைக்கு விற்றார்கள். முதலில் வாடிக்கையாளர்கள் விலகிப்போனார்கள். நாளடைவில், சிறு பிள்ளையை அனுப்பினாலும் பெரியவர்களுக்குக் கிடைக்கும் அதே நியாயம் கிடைக்கும் என்று கண்டுகொண்டு அதே கடைகளைத் தேடி வந்தார்கள். அந்தப் பிரிவைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் தம் நாட்குறிப்பில் இதை எழுதிவைத்திருக்கிறார்.

முதலில் விலகிப்போனார்கள் என்பதை மட்டும் வேகமாகத் தாண்டிவிடாதீர்கள். உங்களுக்கும் மந்தமான மாதங்கள் வரும். நேர்மையாக இருந்தால் வியாபாரம் உடனே பெருகும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். அந்த மாதங்களைத் தாங்கும் அளவுக்குக் கையில் பணம் வைத்துக்கொண்டு, கடன் வாங்காமல் சிறிய அளவில் தொடங்குங்கள்.

சட்டமும் இப்போது உங்கள் மனசாட்சியின் பக்கம் வந்திருக்கிறது. இந்தியா 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இணைய விற்பனையில் 13 ஏமாற்று உத்திகளைத் தடை செய்கின்றன. பொய்யான அவசரம் காட்டுவது அவற்றுள் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் தள்ளுபடி அறிவித்தால், அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையையே பழைய விலையாகக் காட்ட வேண்டும். போலி விமர்சனங்களுக்கு எதிரான விதி அமெரிக்காவில் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன்; எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. கையால் செய்த சோப்பை வெட்டிய பிறகு நான்கு முதல் ஆறு வாரம் காயவைப்பீர்கள். அதற்குள் தண்ணீர் ஆவியாகி எடை குறையும். வெட்டியபோது 100 கிராம் இருந்த கட்டி, காய்ந்த பின் 90 கிராமுக்குப் பக்கத்தில் வந்து நிற்பது சாதாரணம். வெட்டிய அன்றே நிறுத்து லேபிள் அடித்தால், உங்களை அறியாமலே ஒவ்வொரு கட்டியிலும் எடை குறைத்து விற்கிறீர்கள். “கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது” (நீதிமொழிகள் 11:1) என்று வாசித்துவிட்டு நாம் அடுத்தவர் கடைத் தராசை நினைத்துக்கொள்கிறோம். காய்ந்த பின் நிறுங்கள். கட்டிகளுக்குள் வித்தியாசம் இருந்தால் மிகக் குறைந்த எடையை அச்சிடுங்கள்.

விளம்பர வாசகமும் அப்படியே. “ஏழே நாளில் பளபளப்பான சருமம்” என்று எழுதாதீர்கள். தோல்நோயைக் குணமாக்கும் என்று ஒருபோதும் எழுதாதீர்கள். பல நாடுகளில் அப்படிச் சொன்ன மாத்திரத்தில் சோப்பு மருந்துக்கான சட்டத்துக்குள் போய்விடும். “ஆறு வாரம் காயவைத்தது. கடைச் சோப்பைவிட நுரை சற்றுக் குறைவு. ஈரத்தில் கிடந்தால் சீக்கிரம் கரையும், தண்ணீர் வடியும் தட்டில் வையுங்கள்” என்று எழுதிப் பாருங்கள். உங்கள் சோப்புக்கு எது உண்மையோ அதைப் போடுங்கள். குறையை நீங்களே முன்வந்து சொல்லும்போது நீங்கள் சொல்லும் நிறைவும் நம்பப்படும்.

உறையில் வசனம் வேண்டாம் என்பது என் கருத்து. ஈரக் கையால் கிழித்து குப்பையில் போடும் தாள் அது. இன்னொரு காரணமும் உண்டு: வசனத்தைப் பார்ப்பவர் அதைத் தரத்துக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்கிறார். அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியது உங்கள் வேலையின் தரம். யாராவது கேட்டால் உங்கள் விசுவாசத்தைத் தயங்காமல் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆர்டர் எடுப்பதில்லை என்று முடிவெடுத்தால் அதையும் வெளிப்படையாக அறிவித்துவிடுங்கள். அமெரிக்காவின் சிக்-ஃபில்-ஏ உணவகம் 1946-இல் தொடங்கிய நாளிலிருந்தே ஞாயிறு விடுமுறையைக் கடைப்பிடித்துவருகிறது.

வருமானத்தில் ஒரு பங்கு ஊழியத்துக்கு என்று விளம்பரம் செய்யும் ஆசை வரலாம். கொடுங்கள், ஆனால் அச்சிடாதீர்கள். அச்சிட்டால் அது விற்பனை வாக்குறுதியாகிவிடும். வாங்கியவருக்குக் கணக்குக் காட்டும் கடமையும் உங்களுக்கு வந்துவிடும்.

சபைக் குழுவைப் பொறுத்தவரை, போதகரிடம் அனுமதி கேட்டு ஒரே ஒரு முறை அறிவியுங்கள். அதன்பின் யாருக்கும் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம். “நம்ம சகோதரிதானே” என்று தட்ட முடியாமல் வாங்குகிறவர் அடுத்த ஆராதனையில் உங்கள் கண்ணைப் பார்க்கத் தயங்குவார். ஐக்கியம் கெட்டுப்போகும் அளவுக்கு எந்த ஆர்டரும் பெரிதல்ல.

உறவினர்கள் ஏற்கெனவே எழுதிய விமர்சனங்கள் ஏதாவது பக்கத்தில் இருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள். பொருளை வாங்கி ஒரு கட்டி முழுவதும் தீர்த்த வாடிக்கையாளரிடம் மட்டும், எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவர் குறை சொன்னால், அதையும் அப்படியே வெளியிடுங்கள்.